டாக்சியில் கிடைத்த பேராசிரியர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்காக ஆண்டுதோறும் மேற்படிப்பு வழிகாட்டி முகாம் நடத்தும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் செந்தூலில் வசிப்பவள். 18 ஆண்டுகளாக இயற்கை எரிவாயு ஆலைகளில் பொறியாளராக இருக்கிறேன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். நான்கு ஆண்டுகளாக உங்கள் முகாம்களில் பதிவு மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதியிருக்கிறேன், நாற்காலி அடுக்கியிருக்கிறேன். விடுமுறை நாளில் குடும்பத்தை விட்டுவிட்டு, கைக்காசைப் போட்டு நீங்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு முகாமில் ஆராய்ச்சி செய்பவர் ஒருவருக்கு ஒரு மேசையும் அரை நாள் நேரமும் கொடுங்கள். அப்புறம், அந்த மேசையைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றி ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்பது புரிய, என் அப்பாவின் டாக்சியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2000-ஆம் ஆண்டின் தொடக்கம். நான் எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். கோலாலம்பூரில் அப்போது ஓடிய பல டாக்சிகளைப் போல அப்பாவுடையதும் என்.ஜி.வி. வண்டி, அதாவது இயற்கை எரிவாயுவில் ஓடுவது. பின் பூட்டில் பாதி இடத்தை டேங்க் அடைத்துக்கொண்டிருக்கும். பெரிய பெட்டியோடு ஒருவர் ஏறினால் பெட்டி முன் சீட்டுக்குப் போய்விடும். சில வாரங்களாக வண்டியில் ஒரு கோளாறு. காலையில் கிளப்பி ஐந்தாறு மைல் போனதும் இன்ஜின் திணறி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் கேஸ் ரெகுலேட்டர் மேல் வெள்ளை வெளேரென்று பனி படிந்திருக்கும். நம் ஊர் வெயிலில் பனி! பட்டறையில் இரண்டு முறை காட்டினார், காசுதான் போனது.

ஒரு நாள் விடிகாலை, வடக்கிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு தமிழர் புடுராயா பஸ் நிலையத்தில் ஏறினார். இரட்டைக் கோபுரத்தில் ஏதோ கூட்டம் என்றார். ஜாலான் அம்பாங்கில் வண்டி வழக்கம்போல நின்றது. அப்பா இறங்கி மூடியைத் திறக்க, அவரும் கூடவே இறங்கினார். பனியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை அப்பா இன்றைக்கும் சொல்வார். ரெகுலேட்டருக்கு வருகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தாராம். “அண்ணே, இதத் தொடுங்க, சுடுது. இப்ப இதத் தொடுங்க. ஜில்லுன்னு இருக்கா? தண்ணி உள்ள போகல.”

விஷயம் இதுதான். டேங்கில் வாயு ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு. ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தை ஒரேயடியாகக் குறைத்து இன்ஜினுக்கு அனுப்புகிறது. அழுத்தம் சட்டென்று இறங்கும்போது வாயு குளிர்ந்துபோகும். அதைச் சமாளிக்கத்தான் ரேடியேட்டரின் சுடுதண்ணீரை ரெகுலேட்டரைச் சுற்றி ஓடவிடுகிறார்கள். அப்பாவின் வண்டியில் ஒரு குழாய் மடிந்து அடைத்திருந்தது. அவர் சாலையோரத்தில் நின்றபடியே மடிப்பை நீக்கிவிட்டார். கூட்டத்துக்குப் போட்டு வந்த வெள்ளைச் சட்டையின் கையெல்லாம் மசி.

மிச்சத் தூரம் ஓடும்போது அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறார், அவரும் சளைக்காமல் பதில் சொல்லியிருக்கிறார். இந்தக் கேஸில் கொஞ்சம் ஈரம் இருந்தால்கூடப் போதும், அழுத்தத்தில் தண்ணீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி ஒன்றாகி வால்வை அடைத்துவிடும். தண்ணீர் உறையாத வெப்பநிலையிலும் அது உண்டாகும். நாட்டுக்குக் குறுக்கே ஓடும் பெரிய குழாய்களே அப்படி அடைத்திருக்கின்றன, 1934-லேயே ஹாமர்ஷ்மிட் என்கிற பொறியாளர் அதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். “இந்தக் கேஸக் காயவச்சு, சுத்தம் பண்ணி அனுப்புறது எப்படின்னு ஆராய்ச்சி பண்றதுதான் அண்ணே என் வேலை.” அப்பா காசு வேண்டாம் என்றிருக்கிறார். அவர் கேட்கவில்லை. மகள் எஸ்.பி.எம். எழுதியிருக்கிறாள் என்று அப்பா சொன்னதும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்த டிக்கெட் அப்பாவின் பழைய டாக்சி லைசென்ஸோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் இன்னும் இருக்கிறது. மை மங்கிவிட்டது, எண்ணைப் படிக்க முடியாது. ஆனால் அந்த எண்ணால்தான் நான் பொறியாளர் ஆனேன்.

எங்கள் குடும்பத்தில் அதுவரை பல்கலைக்கழகம் போனவர் யாருமில்லை. பேராசிரியர் என்றால் வகுப்பில் பாடம் நடத்துபவர் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு முப்பது வருடம் அதன் பின்னாலேயே போவதும் ஒரு பிழைப்பு, அதற்குச் சம்பளம் உண்டு, அதைத் தமிழர் ஒருவர் செய்கிறார் என்பதெல்லாம் அந்த டாக்சிப் பயணத்துக்கு முன்னால் எங்களுக்குத் தெரியாது.

பின்னாளில் நான் அவருடைய மாணவியானேன். அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பேராசிரியர் என்றே குறிப்பிடுகிறேன். பினாங்கின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால் வெட்டியவர்கள். பள்ளி விடுமுறையில் பால் பிடிக்கும் மங்கு கழுவி, ஒட்டுப்பால் பொறுக்கி வளர்ந்த பிள்ளை. எங்களுக்கு எரிவாயுச் சுத்திகரிப்பை நடத்தியபோது முதல் வகுப்பிலேயே தோட்டத்தில் ரப்பர் பாலைச் சேர்க்கும் ஸ்டோரைத்தான் கொண்டு வந்தார்.

மரத்திலிருந்து வந்த பால் வெயிலில் நின்றால் புளித்துக் கட்டியாகிவிடும். புளிப்பு என்றால் அமிலம். அதைத் தடுக்கத்தான் பாலில் அம்மோனியா ஊற்றுவார்கள். ரப்பர் ஷீட் போடுவதற்குக் கட்டியாக்க வேண்டுமென்றால் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். “எங்க ஸ்டோர்ல அந்த அம்மோனியா நெடி மூக்குல ஏறும். அதே அம்மோனியாவோட பங்காளிப் பிள்ளதான் அமீன்,” என்பார். கிணற்றிலிருந்து வரும் எரிவாயுவில் கரியமில வாயுவும் சில வயல்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கலந்திருக்கும். இரண்டும் அமிலக் குணம் கொண்டவை. அமீன் கலந்த தண்ணீரை உயரமான கோபுரத்தின் மேலிருந்து இறக்கி, கீழிருந்து வாயுவை ஏற்றினால், அமீன் அந்த அமில வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை இன்னொரு கோபுரத்தில் கிட்டத்தட்ட 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். மறுபடியும் பிடிக்கத் தயார். பாட்டம்ஸ் என்பவர் 1930-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு இது புரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூக்கே சொல்லிக் கொடுத்த பாடம் அது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய முகாமில் ஒரு தாயார் எழுந்து, எரிவாயுத் துறை என்றால் என்ன வேலை என்று கேட்டார். மேடையில் இருந்தவர் “பெட்ரோல் மாதிரிதாம்மா” என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நேரமில்லை, அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த அம்மாவின் சமையலறையிலேயே பதில் இருந்தது. நம் வீட்டு 14 கிலோ கேஸ் தோங்கில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். எரிவாயு ஆலைகளில் மீத்தேனிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள்கள்தான் அவை. திரங்கானுவின் கெர்த்தே வட்டாரத்து ஆலைகளில் கடல் வாயுவைச் சுத்தம் செய்து, ஈரத்தை எடுத்து, குளிர்வித்து, ஒன்று ஒன்றாகப் பிரிக்கிறார்கள். ஈத்தேன் பிளாஸ்டிக் ஆகப் போகிறது. மீத்தேன் 2,500 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குழாய்த் தொடரில் ஏறி, தெற்கே சிங்கப்பூர் வரைக்கும், மேற்குக் கரையோரமாகத் தாய்லாந்து எல்லை வரைக்கும் போகிறது. நம் வீட்டு மின்சாரத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது. இரட்டைக் கோபுரம் நிற்கும் கே.எல்.சி.சி. வட்டாரக் கட்டடங்களைக் குளிர்விக்கும் தண்ணீரும் எரிவாயுவில் ஓடும் ஆலையில்தான் குளிர்ந்து வருகிறது. சரவாக்கின் பிந்துலுவில் இன்னும் ஒரு படி மேலே போய், கழித்தல் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, 1983-லிருந்து ஜப்பானுக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள். அந்தக் குளிரில் கரியமில வாயு கல்லாக உறைந்து குழாயை அடைத்துவிடும் என்பதால் பத்து லட்சத்தில் ஐம்பது பங்குக்குக் கீழே அதைக் குறைத்தாக வேண்டும். பாதரசம் துளியும் இருக்கக் கூடாது. 1973-ல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் பாதரசம் அலுமினியக் குளிர்விப்பானையே அரித்துத் தின்றுவிட்டது. அதற்கு அப்புறம்தான் உலகம் விழித்துக்கொண்டது.

பேராசிரியரின் வாழ்நாள் ஆய்வில் பெரும்பகுதி நுரையைப் பற்றியது. ஆமாம், நுரை. அமீன் கோபுரத்துக்குள் நுரைத்துவிட்டால் வாயு சரியாகச் சுத்தமாகாது, அமீனும் வாயுவோடு மேலே அடித்துக்கொண்டு போய்விடும், ஆலையின் வேகத்தைக் குறைக்க வேண்டி வரும். ஏன் நுரைக்கிறது? துரும்பினும் சிறிய இரும்பு சல்ஃபைடுத் துகள், கெட்டுப்போன அமீன், கலந்துவிட்ட எண்ணெய், கம்ப்ரஸர் மசகு, ஒவ்வொன்றும் ஒரு காரணம். எது எவ்வளவு? இரண்டு சேர்ந்தால் என்ன ஆகும்? இதைத்தான் அவர் ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார். ஓர் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் சல்லடைக் கண்ணாடி. கீழிருந்து நைட்ரஜனைக் குமிழாக விட்டு, நுரை எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது, வாயுவை நிறுத்தியபின் எத்தனை நொடியில் உடைகிறது என்று எழுதிக்கொண்டே இருப்பார். நொடிகளைத் தமிழில்தான் எண்ணுவார், வாய்விட்டு. அந்த ஆய்வுக்கூடத்தில் படித்த சீன, மலாய் மாணவர்களுக்கும் பத்து வரைக்கும் தமிழ் எண் தெரியும்.

அந்த எண்ணிக்கை எனக்கு எங்கே கை கொடுத்தது என்று சொல்ல வேண்டும். 2011-ல் ஓர் ஆலையில் இரவு ஷிஃப்ட். மாலையிலிருந்து கொட்டோ கொட்டென்று மழை. இரண்டு மணிவாக்கில் அமீன் கோபுரத்தின் அழுத்த முள் ஆட ஆரம்பித்தது. நுரைதான். கூட இருந்தவர்கள் நுரையடக்கி மருந்தை இன்னும் ஊற்றலாம் என்றார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை ஊற்றியாகிவிட்டது. நான் மாதிரிப் புட்டியில் அமீனைப் பிடித்துக் குலுக்கி, நின்றபடியே எண்ணினேன். நாற்பதைத் தாண்டியும் நுரை உடையவில்லை. புட்டியின் மேற்பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மினுங்கியது. பேராசிரியர் எழுதிப் போட்ட வரி உடனே நினைவுக்கு வந்தது: உள்ளே வரும் வாயுவைவிட அமீன் ஐந்து டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த அமீனைத் தொட்டால் வாயுவில் இருக்கும் கனமான பொருள்கள் எண்ணெயாகிச் சொட்டும், எண்ணெய் விழுந்தால் நுரை எழும். அன்றைய மழையால் காற்று விசிறிக் குளிர்விப்பான் அமீனை அளவுக்கு மேல் குளிர்வித்திருந்தது. ஒரு விசிறியை நிறுத்தச் சொன்னேன். அரை மணி நேரத்தில் முள் நின்றது. விடியற்காலையில் எடுத்த மாதிரி ஐந்து எண்ணுவதற்குள் உடைந்தது. ஆயிரம் தடவை நுரையை அளந்த ஒருவரிடம் படித்ததால் ஓர் ஆலை அந்த இரவு நிற்காமல் ஓடியது.

எல்லாம் இப்படி வெற்றியாக முடியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்தபோது அவர் பிரிப்புப் படலங்களில் இறங்கியிருந்தார். கரியமில வாயுவை வேகமாகவும் மீத்தேனை மெதுவாகவும் கடத்தும் மெல்லிய பாலிமர் படலம். வேகமாகக் கடத்துகிற படலம் நன்றாகப் பிரிக்காது, நன்றாகப் பிரிப்பது வேகமாகக் கடத்தாது. இந்த இழுபறிக்கு ஓர் எல்லைக்கோட்டை 1991-ல் லாய்ட் ராப்சன் வரைந்து காட்டினார். எங்கள் ஆசை அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்ப்பது. 14 மாதம், செய்த படலமெல்லாம் குறைந்த அழுத்தத்தில் அருமையாக நின்றது. அழுத்தத்தை ஏற்றியதும் கரியமில வாயு பாலிமரை ஊறப்போட்ட அரிசி மாதிரி உப்ப வைத்துவிடும், அப்புறம் மீத்தேனும் சேர்ந்து ஓடிவிடும். நான் அழுதிருக்கிறேன். அவர் எல்லா எண்களையும் ஒன்று விடாமல் ஆய்வேட்டில் எழுத வைத்தார். “இந்த அழுத்தத்துக்கு மேல இது நிக்காதுன்னு தெரிஞ்சா, அடுத்து வர்றவனுக்கு மூணு வருஷம் மிச்சம்மா.” அந்தக் காலத்தில் அவருடைய பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. அதைப் பற்றி ஒரு நாளும் எங்களிடம் பேசியதில்லை. எனக்கு மனம் ஆறவில்லை, இன்றுவரை.

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு பெயர் ரிக்கி கோபயாஷி. டெக்சஸில் விவசாயம் செய்த ஜப்பானியக் குடியேறிகளின் மகன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் காட்ஸிடம் படித்துவிட்டு, ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் எரிவாயு ஆய்வு செய்தவர். எரிவாயுக் குழாய்க்குள் எந்த அழுத்தத்தில், எந்தக் குளிரில் அந்தப் பனிக்கட்டி உண்டாகும் என்று காட்ஸ் போட்டுக் கொடுத்த வரைபடத்தைத்தான் நாங்கள் முதல் பருவத்தில் படித்தோம். அதேபோல கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ராபின்சனும் டிங்-யூ பெங்கும் 1976-ல் வெளியிட்ட ஒரு சமன்பாடு, வாயுவும் திரவமும் எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடுவது. இன்று உலகில் எந்த எரிவாயு ஆலையை வடிவமைத்தாலும் கணினிக்குள் அநேகமாக அது ஓடிக்கொண்டிருக்கும், நானே அதை அன்றாடம் பயன்படுத்துகிறேன். வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளை அமெரிக்காவில் இதைச் செய்ய முடிந்தால், பால் வெட்டியவர்களின் பிள்ளை நிபோங் திபாலிலிருந்து செய்ய முடியும் என்பார். செய்தும் காட்டினார். குருவிடம் சீடன், அந்தச் சீடனிடம் இன்னொரு சீடன் என்று நம் நாதஸ்வரக்காரர்களும் சிற்பிகளும் வித்தையை வளர்த்த அதே முறைதான் இது.

இப்போது சென்ற ஆண்டு முகாமுக்கு வருகிறேன். எந்த அமைப்பு, எந்த மண்டபம் என்று சொல்லப்போவதில்லை, யார் மனமும் நோக வேண்டாம். நான்தான் அவரைப் பேச அழைத்து வந்தேன். ஓய்வு பெற்று பெருநிலத்தில் இருப்பவர், முந்தைய நாளே பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் வந்து இறங்கினார். கையில் துண்டில் சுற்றிய கண்ணாடிக் குழாய். பெரியதை உடைந்துவிடும் என்று விட்டுவிட்டு, முழங்கை நீளத்தில் சின்னதாக ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் 30 நிமிடம். கடன் உதவி விளக்கம் நீண்டுவிட்டதால் அவருக்குக் கிடைத்தது 8 நிமிடம். குழாயை மேடையில் வைக்க மேசை இல்லை. பேச ஆரம்பித்து நான்காவது நிமிடத்தில் ஒரு துண்டுச்சீட்டு வந்தது: தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று சொல்லி முடிக்கவும்.

அவர் சொன்னார், வணங்கினார், இறங்கினார். அப்புறம் நடந்ததை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டீர்கள், நீங்கள் உள்ளே பரிசுக் கூப்பனில் மும்முரமாக இருந்தீர்கள். சாப்பாட்டு மேசைக்கு வெளியே, சிமெண்டுத் திட்டின் மேல் அவர் துண்டைப் பிரித்துக் குழாயை நிறுத்தினார். மீன் தொட்டிக்கு வைக்கிற சின்ன காற்று மோட்டார் ஒன்று. குழாயில் வெறும் தண்ணீர் ஊற்றிக் காற்றை விட்டார். குமிழ் வந்தது, உடைந்தது. ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. நுரை விறுவிறுவென்று ஏறிக் குழாய் வாய்க்கு வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து நுரையடக்கி ஒரு சொட்டு விட்டார். நுரை அப்படியே சரிந்து விழுந்தது. பக்கத்தில் தட்டோடு நின்ற ஒரு பெண் பிள்ளை, “மறுபடி செய்யுங்க சார்” என்றாள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆறு பேர். எத்தனை நொடி என்று அவரோடு சேர்ந்து எண்ணுகிறார்கள். சோப்புக்குப் பதிலா எண்ணெய் விட்டா என்ன ஆகும் என்று ஒரு பையன் கேட்டான். பேராசிரியர் அவனிடம், “நீ என்ன ஆகும்னு நினைக்கிற?” என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து எண்ணெய் வாங்கி வர அவனையே அனுப்பினார். பஸ் கிளம்பும்வரை அந்த ஆறு பேரும் அங்கேயே நின்றார்கள். அவர்களுடைய பெயரை நான் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்ததும் அந்த மாதிரி ஒரு சாலையோரப் பாடம்தான். சுடுதண்ணீர்க் குழாய் அன்றைக்கு அடைத்ததால் கிடைத்தது. அப்பா வேறு வரிசையில் நின்றிருந்தால் கிடைத்திருக்காது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு டாக்சி வரும்? முகாம் நடத்துகிற உங்களால் அதை ஏற்பாடாகவே செய்ய முடியும் என்பதால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

சம்பளம் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைக்கிற வீட்டில் அது நியாயமான கேள்வி. என் சம்பளத்தில்தான் செந்தூல் வீடு வாங்கினோம், அப்பா டாக்சியை விட்டார். ஆனால் 17 வயதில் ஒரு பிள்ளைக்கு வேலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாமல் சம்பளத்தை மட்டும் சொன்னால், மதிப்பெண் வந்ததும் எது பெரிய எண்ணோ அதன் பக்கம் சாயும். உங்கள் கையேட்டில் மருத்துவத்துக்கு ஆறு பக்கம் இருக்கிறது, பொறியியல் முழுவதற்கும் ஒரு பக்கம், ஆராய்ச்சிக்கு ஒரு வரிகூட இல்லை. ஆய்வு மாணவருக்குப் பல திட்டங்களில் மாத உதவித்தொகை உண்டு என்பதுகூடப் பெற்றோர் பலருக்குத் தெரியாது. எனக்கும் பேராசிரியர் சொல்லித்தான் தெரியும்.

எரிவாயு இன்னும் எத்தனை காலத்துக்கு என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சுலபமாக எடுக்கக்கூடிய சுத்தமான வாயு குறைந்துகொண்டு வருகிறது. மிச்சமிருப்பது கலப்பு மிகுந்தது. சரவாக் கடலில் கே5 என்றொரு வயல், அதன் வாயுவில் சுமார் 70 விழுக்காடு கரியமில வாயு. அதே கடலில் காசாவாரி வயலில் ஆண்டுக்கு 33 லட்சம் டன் வரை கரியமில வாயுவைப் பிரித்துக் கடலடிக்கே திருப்பி அனுப்பும் திட்டம் நடக்கிறது. கரியமில வாயுவை இப்படிப் பிடித்துச் சேமிப்பதற்கென்றே, தீபகற்பத்துக்கும் லபுவானுக்கும், 2025-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றியது. ஆலைப் புகைபோக்கியிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பதும் அதே அமீன், அதே நுரை, அதே படலம். வாயுவே தீர்ந்து போனாலும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். இன்று படிவம் 5-ல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை 2070 வாக்கில்தான் ஓய்வு பெறும், அதுவரைக்கும் இந்தக் கணக்கு தீராது.

சிலாங்கூரின் புத்ரா ஹைட்ஸில் 2025 ஏப்ரல் 1 காலையில் எரிவாயுக் குழாய் வெடித்து எரிந்ததை எல்லாரும் பார்த்தோம். நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், தீப்பிழம்பு எவ்வளவு தூரத்துக்குத் தெரிந்தது! அன்று என் தொலைபேசி ஓயவில்லை. சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, எல்லாரும் கேட்டது நம் காலுக்கடியிலும் குழாய் போகிறதா என்றுதான். வீடிழந்தவர்களின் துயரம் பெரிது. அதோடு சேர்த்து ஒன்று என்னை உறுத்தியது. நம் வாசலைக் கடந்து போகிற ஒன்றைப் பற்றி நம் சமூகத்துக்குள் தமிழில் எடுத்துச் சொல்ல விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் அறிவியலைத் தமிழில் படிக்கிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அழுத்தம், நுரை, அமிலம் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த சொற்கள். இடைநிலைப் பள்ளிக்குப் போனபின் அந்த இழை அறுந்து போகாமல் பார்த்துக்கொள்ள நம்மைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.

செலவு என்று யோசிப்பீர்கள். பஸ் வாடகையை நானும் என்னோடு படித்த மூன்று பேரும் பேசி ஏற்றுக்கொண்டோம். ஆய்வுக்கூடத்தில் அனுமதி கேட்கும் கடிதத்தை எழுதும் வேலையும் என்னுடையது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை 40 பேருக்கு இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது நிகழ்ச்சி நிரலில் இடம், ஒரு மேசை, ஒரு மின்சாரப் பிளக். துண்டுச்சீட்டு மட்டும் வேண்டாம். எரிவாயுதான் வேண்டும் என்றும் இல்லை. தண்ணீர் ஆய்வு செய்பவர், செம்பனை ஆய்வு செய்பவர், மருந்து ஆய்வு செய்பவர், யாரானாலும் சரி, கையோடு ஒரு கருவியைக் கொண்டு வந்து பிள்ளைகளைத் தொட விடுகிறவராக இருக்கட்டும். அந்த ஆறு பிள்ளைகளுக்கும் நான் போன மாதம் போன் செய்து பேசினேன். நான்கு பேர் வருகிறோம் என்றார்கள். எண்ணெய் வாங்கி வந்த பையன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இருக்கிறான், லீவு போட்டுவிட்டு வருகிறானாம்.

முகாம் முடிந்த மாலை, ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பும்போது பேராசிரியர் குழாயைத் துண்டோடு என் கையில் கொடுத்தார். “உன்கிட்டயே இருக்கட்டும்மா, அடுத்த வருஷம் வேணும்ல,” என்றார். அது எங்கள் வீட்டு அலமாரியில், அப்பாவின் பிளாஸ்டிக் உறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மீன் தொட்டி மோட்டாரை நேற்று ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. எந்த மண்டபம், எந்தத் தேதி என்று சொல்லுங்கள். அவருக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு டாக்சி ஓட்டுநரின் மகள்,
செந்தூல், கோலாலம்பூர்